மரக்குடை: புனே வட்டாரக் கடைசல் தொழிலின் வரலாறு

மரத்துண்டைச் சுழலவிட்டு, சுழலும் அதன் மேனியில் உளியை அணைத்துச் சீவி, உருண்டு திரண்ட வடிவங்களை வெளிக்கொணரும் தொழில் தமிழில் கடைசல் எனப்படும். அதற்குரிய பொறியைக் கடைசல் பட்டறை என்றும் லேத்து என்றும் மக்கள் வழங்குவர். கட்டில் கால், தொட்டில் குமிழ், பூரிக்கட்டை, பம்பரம், மத்து, சொப்புச் சாமான் என இத்தொழிலின் விளைபொருள்கள் நெடுங்காலமாக வீடுதோறும் புழங்கி வந்துள்ளன. ஆனால் கடைசல்காரரின் கைத்தேர்ச்சியை முழுமையாகச் சோதிக்கும் பொருள்களுள் ஒன்று, இந்நெடிய வரலாற்றில் மிகவும் பிந்தியே தோன்றியது. மின்விளக்கின் மேல் கவிழ்க்கப்படும், கடைகளில் லேம்ப்ஷேடு என்று கேட்டு வாங்கப்படும் விளக்குக்குடையை, ஒரே மரத்துண்டிலிருந்து, ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் கனமே உள்ள சுவராகக் கடைந்தெடுப்பதே அது. அவ்வளவு மெலிந்த நிலையில் மரம் ஒளியை மறைப்பதை விட்டுவிட்டு, தன் ரேகைகளினூடே அதைக் கசியவிடத் தொடங்குகிறது.

கடைசல் தொழில் பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையது. விளக்கு அதனினும் பழமையானது. எனினும் இவ்விரண்டும் இவ்வாறு ஒன்றுகூடுவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தீச்சுடர் எரிந்த காலம் முழுவதும் மரம் விளக்கின் கீழே தண்டாகவும் பீடமாகவும் நின்றதே தவிர, விளக்கைச் சூழ்ந்து நிற்கும் துணிவு அதற்கு வரவில்லை. நெருப்பு விளக்கைவிட்டு நீங்கிய பின்னரே மரம் அதன்மேல் குடையாகக் கவிந்தது. இம்மாற்றத்தின் படிகளைப் புனே நகரிலும் அதை அடுத்த மலைப்பகுதியிலும் ஏறத்தாழ முழுமையாகவே காண முடிவதால், மராத்தி நாட்டின் அந்த ஒரு வட்டாரத்தை மையமாகக் கொண்டு கடைசலின் வரலாற்றை நோக்குவது பயனுடையதாகும்.

சொல்லில் தங்கிய பொறி

தமிழில் கடைதல் என்ற ஒரே வினை, தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதையும் மரத்தைக் கடைந்து உருவம் எடுப்பதையும் குறிப்பது தற்செயலான ஒற்றுமையன்று. பானையில் நிறுத்திய மத்தின் தண்டில் கடைகயிற்றைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் மாறிமாறி இழுக்கும்போது மத்து முன்னும் பின்னுமாகச் சுழல்கிறது. மரக்கடைசலின் தொல்வடிவமும் இதுவே: தரையில் ஊன்றிய இரு கட்டைகளில் எதிரெதிராகப் பதித்த இரும்பு முனைகளுக்கிடையே மரத்துண்டைப் பொருத்தி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி உதவியாள் ஒருவர் இழுத்துவிட, எதிரே தரையில் அமர்ந்த கடைசல்காரர் கையாலும் கால்விரலாலும் உளியைப் பிடித்து, மரம் தம்மை நோக்கிச் சுழலும் பாதிப்பொழுதில் மட்டும் வெட்டி, அது எதிர்த்திசையில் திரும்பும் பாதிப்பொழுதில் உளியை மெல்லத் தளர்த்திக்கொள்வார். மந்தர மலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் கொண்டு தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்த புராணக் காட்சியில், தமிழ்க் கண்ணுக்கு ஒரு மாபெரும் கடைசல் பட்டறையும் தெரியக்கூடும்.

மராத்தி மொழி இதே பொறியை வேறொரு கோணத்திலிருந்து கண்டிருக்கிறது. அம்மொழியில் மோர் கடைவதற்குத் தனியொரு சொல் இருக்க, மரம் கடைவதைக் குறிக்கும் காத்ணே என்ற வினை நூல் நூற்பதையும் குறிக்கிறது. கடைசல்காரர் காத்தாரி எனப்படுவார். தமிழர் அப்பொறியின் சுழற்சியில் மத்தைக் கண்டதுபோல் மராத்தியர் கதிரைக் கண்டனர் என்று கொள்ளலாம். எனினும் இரு மொழிகளும் ஓரிடத்தில் வியப்பூட்டும் வகையில் ஒன்றுபடுகின்றன: செவ்விய உடலமைப்பைத் தமிழர் கடைந்தெடுத்தாற்போல் என்று புகழ, மராத்தியர் அதே பொருளில் காத்தீவ் என்கின்றனர். வேண்டாததை நீக்குவதால் மட்டுமே அழகு பிறக்கும் ஒரு தொழிலை இரு மக்களும் அருகிருந்து பார்த்துப் பழகியிருக்கின்றனர் என்பதற்கு இச்சொற்களே சான்று.

கயிற்றால் இயங்கும் இப்பொறி உலகின் பல பகுதிகளுக்கும் பொதுவானது. எகிப்தில் கி.மு. 300-ஐ ஒட்டிய பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சிற்பத்தில், ஒருவர் வாரை இழுக்க மற்றொருவர் உளி பிடிக்கும் காட்சி இடம்பெற்றுள்ளது. இந்தியாவில் இதற்கு நிகரான பழஞ்சான்று பௌத்தப் பாலி நூல்களில் கிடைக்கிறது: மூச்சின்மீது கவனத்தை நிறுத்தும் பயிற்சியை விளக்கும் சதிபட்டான சுத்தம், தேர்ந்த கடைசல்காரரோ அவருடைய மாணாக்கரோ நீண்ட சுற்றை இழுக்கும்போது நீண்டது என்றும், குறுகிய சுற்றை இழுக்கும்போது குறுகியது என்றும் அறிந்தே இழுப்பதை உவமையாகக் காட்டுகிறது. தம் செயலின் அளவை ஒவ்வொரு கணமும் உள்ளே உணர்ந்துகொண்டிருப்பதே கடைசலின் இயல்பு என்பதை இவ்வுவமையைக் கையாண்டவர்கள் நன்கறிந்திருந்தனர். மெல்லிய சுவரைக் கடையும் இன்றைய கைவினைஞருக்கும் அவ்வுணர்வே முதற்கருவியாக உள்ளது.

கார்லாவின் மரம்

புனேயிலிருந்து மும்பை செல்லும் வழியில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், லோணாவளாவை அடுத்த மலைச்சரிவில் கார்லா குடைவரை அமைந்துள்ளது. பொது ஆண்டுத் தொடக்கத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் குடையப்பட்ட அதன் பெருஞ்சைத்தியம், அதாவது தூபியை உள்ளடக்கிய வழிபாட்டு மண்டபம், கல்லில் அமைந்ததாயினும், மரக்கட்டடக் கலையின் நினைவைச் சுமந்து நிற்கிறது. அதன் வளைந்த கூரையின் அடியில் பொருத்தப்பட்டுள்ள விலா போன்ற மரச்சட்டங்கள் பழங்காலத்தவை. பாறைக்கூரையைத் தாங்க மரம் தேவைப்படாதபோதும், மரமில்லாத மண்டபத்தை மண்டபமாகக் கருத மனமில்லாத தச்சர்கள் அவற்றை அங்கே பொருத்தியிருக்க வேண்டும். நுழைவாயிலை அமைத்தவர் தேனுகாகடம் என்ற ஊரைச் சேர்ந்த, வேணுவாசரின் மகனான சாமி என்ற தச்சர் என்பதையும் அங்குள்ள பிராகிருதக் கல்வெட்டு ஒன்று பதிவு செய்துள்ளது. கொடை அளித்த வணிகர்களின் பெயர்களுக்கு நடுவே உளி பிடித்த ஒருவரின் பெயரும் கல்லில் நிலைத்திருப்பது இந்தியத் தொழில் வரலாற்றில் போற்றத்தக்க செய்தியாகும்.

இவ்வரலாற்றுக்கு இன்னும் நெருக்கமான சான்று தூபியின் உச்சியில் இருக்கிறது. பௌத்த மரபில் தூபியின்மேல் மதிப்பின் அடையாளமாக நிறுத்தப்படும் குடை, கார்லாவில் மரத்தால் ஆனது. அதன் அடிப்புறம் நுண்ணிய வேலைப்பாடு உடையது. அது இன்றும் தன் இடத்தில் நிற்கிறது. புனே வட்டாரத்தில் எஞ்சியுள்ள மரவேலைகளுள் மிகத் தொன்மையானவற்றில் ஒன்று குடை வடிவில் இருப்பது, பிற்காலத்து விளக்குக்குடையைப் பற்றிப் பேசும்போது நினைவில் கொள்ளத்தக்கது. சுடரின் வெப்பம் எட்டாத உயரமும், மழையும் வெயிலும் நேரே தாக்காத பாறைக்கூரையும் அம்மரத்துக்கு அரணாக அமைந்தன. அத்தகைய அரண் வாய்க்காத நகரத்து மரங்களின் கதை வேறாக முடிந்தது.

பேஷ்வாக்களின் நகரமும் நெருப்பும்

பதினெட்டாம் நூற்றாண்டில் மராத்தியப் பேரரசின் தலைமை அமைச்சர்களான பேஷ்வாக்கள் புனேயைத் தம் இருப்பிடமாகக் கொண்ட பின்னர், அந்நகரம் பேட்டை பேட்டையாக விரிந்து, மரத்துக்குப் பெரும் தேவையை உண்டாக்கியது. முதலாம் பாஜிராவ் 1730 ஜனவரியில் அடிக்கல் நாட்டி 1732-இல் குடிபுகுந்த சனிவார்வாடா மாளிகைக்குத் தேக்கு மரம் ஜுன்னர்க் காடுகளிலிருந்தும், கல் சிஞ்ச்வட்டிலிருந்தும், சுண்ணாம்பு ஜெஜூரியிலிருந்தும் கொண்டுவரப்பட்டன. வாடா என்பது நடுமுற்றத்தைச் சுற்றி மரத்தூண்களும் தாழ்வாரங்களும் சூழ எழுப்பப்படும் மராத்திய மாளிகை வீடு. செட்டிநாட்டு வீடுகளின் வளவை அறிந்த தமிழ் வாசகர்க்கு அதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. சுரு எனப்படும் சவுக்கு வடிவச் செதுக்குத் தூண்கள் அவ்வீடுகளின் தனி அடையாளம்; தாழ்வாரக் கைப்பிடிகளுக்கான உருண்டைக் கால்கள், கட்டில் கால்கள், தொட்டில்கள், ஊஞ்சல் குமிழ்கள் போன்றவை கடைசலுக்கு உரியவை.

ஊர்ப்புறத்தில் தச்சருக்கும் கடைசல்காரருக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்தது. மராத்திய கிராமங்களில் பன்னிரண்டு தொழிலாளருக்கு, அவர்களது பணிக்கு ஈடாக, அறுவடையில் ஒரு பங்கு தானியம் அளிக்கும் பலுதா என்ற முறை வழக்கில் இருந்தது. சுதார் எனப்படும் தச்சர் அப்பன்னிருவருள் ஒருவர். ஏர் செப்பனிடுவதும் வண்டி திருத்துவதும் அவர் கடமை. கடைசல்காரருக்கு வழக்கமாக அப்பட்டியலில் தனி இடம் இல்லை. ஆகவே அவர் வாழ்வு சந்தையையும் நகரத்தையும் சார்ந்திருந்தது எனலாம். புனேயின் மிகப் பழைய பகுதியான கஸ்பா பேட்டையில் செம்புக் கன்னார்கள் வாழும் தெரு இன்றும் தாம்பட் ஆளி என்றே வழங்கப்படுகிறது. ஆளி என்பது தெருவைக் குறிக்கும் மராத்திச் சொல். இவ்வாறு ஒரு தொழிலுக்கு ஒரு தெரு என அமைந்த நகரமே, பங்குத் தானியத்தை நம்பாமல் பொருளை விற்று வாழ வேண்டிய கைவினைஞருக்கு ஏற்ற களமாயிற்று.

அந்நகரத்தின் இரவுகளுக்கு ஒளியூட்டிய விளக்குகளை நோக்கினால் மரத்தின் இடம் தெளிவாகிறது. சமயி என மராத்தியில் வழங்கும் குத்துவிளக்கு பித்தளையால் ஆனது. கூரையிலிருந்து தொங்கிய தூங்காவிளக்குகளும் உலோகமே. கோயில்களின் முன் எழும் தீபமாலை என்ற உயர்ந்த விளக்குத்தூண் கல்லால் ஆனது. செல்வர் வீடுகளில் காற்றைத் தடுக்கக் கண்ணாடிக் கூடுகள் வந்தன. தீபாவளிக்கு வாசலில் உயர்த்திக் கட்டப்படும் ஆகாஷ்கந்தீல் என்ற விளக்குக்கூண்டில் மூங்கில் சட்டமாக மட்டும் நிற்க, ஒளியைப் பரப்பும் பணியைக் காகிதமே ஏற்றது. கடைந்த மரத்துக்குக் கிடைத்த இடம் சுடருக்குக் கீழே அமையும் தண்டும் பீடமும் மட்டுமே. தினகர் கங்காதர் கேல்கர், ஏழு வயதில் இறந்த தம் மகன் ராஜாவின் பெயரால் திரட்டி, 1962-இல் மாநிலத் தொல்லியல் துறைக்கு வழங்கிய அரும்பொருட்களைக் கொண்ட புனே ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தில், அன்றாட வீட்டுப் பொருள்களோடு விளக்குகளும் ஏராளமாக வைக்கப்பட்டுள்ளன. ஒளிக்கு உலோகத்தையே நம்பி வாழ்ந்த ஒரு நெடுங்காலத்தை அங்கே கண்ணாரக் காணலாம்.

மரத்தைச் சுடரினின்று விலக்கி வைத்ததற்கான காரணத்தை அந்நகரின் வரலாறே கொடிய முறையில் எடுத்துரைக்கிறது. 1818-இல் பேஷ்வா ஆட்சி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த பின், 1828 பிப்ரவரி 27 அன்று சனிவார்வாடாவில் மூண்ட தீ பல நாள் எரிந்து, ஜுன்னர்த் தேக்கால் எழுந்த மாடங்களையெல்லாம் சாம்பலாக்கியது. கோட்டை மதிலும், வாயில்களும், தில்லி வாயிலின் மேலுள்ள நகராக்கானா என்ற முரசு மண்டபமும், அடித்தளக் கற்களும் எஞ்சின. இரண்டாம் பாஜிராவ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய விஸ்ராம்பாக் வாடாவும் 1879 மே மாதத்தில் தீக்கிரையாகி, பின்னர் பொதுமக்கள் நன்கொடையைக் கொண்டு செப்பனிடப்பட்டது. அதே நாளில் புத்வார் வாடாவும் எரிந்தது. இத்தகைய நகரத்தில் மெல்லிய மரச்சுவரைச் சுடருக்குச் சில விரற்கடை தொலைவில் நிறுத்தும் எண்ணம் யாருக்கும் தோன்றியிருக்க இயலாது.

சிறுபொருள்களில் வாழ்ந்த கலை

அரண்மனைகள் அழிந்த பின்னும் கடைசல் அழியவில்லை. அது சிறியனவற்றில் குடிகொண்டது. பேஷ்வா காலத்து அதிகாரியான நாரோ அப்பாஜி கிரே 1761-இல் எழுப்பத் தொடங்கிய துளசிபாக் இராமர் கோயிலைச் சுற்றி வளர்ந்த அங்காடி, பூசைப் பொருள்களுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் புனே முழுவதும் பெயர்பெற்றது. சப்பாத்தி இடும் வட்டப் பலகையும் குழவியும், ரவி எனப்படும் மத்தும், சிறுவர் விளையாடும் பாத்துக்கலியும் அவ்வீட்டுச் சாமான் மரபைச் சேர்ந்தவை. பாத்துக்கலி என்பது அடுப்பு, பானை, திருகை, அம்மி, மத்து என அடுக்களை முழுவதையும் விரலளவில் கொண்ட விளையாட்டுத் தொகுதி. தமிழ்நாட்டுச் சொப்புச் சாமானின் உடன்பிறப்பு அது. சொப்பை ஊதிப் பார்த்துச் சோறாக்கி விளையாடிய தமிழ்க் குழந்தையும் பாத்துக்கலியில் பண்டம் சமைத்த மராத்தியக் குழந்தையும் ஒரே தொழிலின் கொடையால் வளர்ந்தவர்கள். சிமிழின் மூடி பொருந்தும் வாயும், சொப்புக் குடத்தின் கழுத்தும் மெல்லியனவாக அமைய வேண்டியிருந்ததால், சுவரை மெலியக் கடையும் பயிற்சி தலைமுறை தலைமுறையாக இச்சிறு பொருள்களின் வாயிலாகவே கைமாறி வந்தது.

மகாராட்டிரத்தில் இக்கலையின் தலையாய ஊர், தெற்கே கொங்கணப் பகுதியில் அமைந்த சாவந்த்வாடி ஆகும். வட்டவடிவச் சீட்டுகளில் கடவுளர் உருவம் தீட்டும் கஞ்சிபா ஓவியமும், அரக்கு வண்ணம் ஏற்றிய மரப்பொருள்களும் அங்குள்ள சித்தாரி என்ற கைவினைச் சமூகத்தாரின் மரபுரிமை. அவர்களது தெருவுக்குச் சித்தார் ஆளி என்று பெயர். இருபதாம் நூற்றாண்டில் இம்மரபு தேய்ந்தபோது, அவ்வூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த சிவராம்ராஜே போஸ்லேயும் சத்வசீலாதேவியும் முதிய கலைஞரிடமிருந்து அதைக் கற்று, அரண்மனைக் கூடத்தையே பட்டறையாக்கி அதற்கு உயிரூட்டினர். கல்யாண முருங்கையின் இலேசான மரத்திலிருந்து கடைந்து வண்ணம் தீட்டிய பழங்கள் சாவந்த்வாடியின் புகழுக்கு ஒரு காரணம்.

கடைந்த மரத்துக்கு அரக்கு ஏற்றும் முறை நெருங்கிக் காணத்தக்கது. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. அதை உருக்கி நிறம் கலந்து குச்சியாக்குவர். மரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே அக்குச்சியை அதன்மேல் அழுத்த, உராய்வில் எழும் வெப்பத்தாலேயே அரக்கு இளகி மரத்தில் பற்றிக்கொள்கிறது. தனியே நெருப்பு வேண்டுவதில்லை. அடுத்து, தாழை மடலின் ஒரு கீற்றை எடுத்துச் சுழலும் அரக்கின்மேல் வைத்து அழுத்தியபடி நகர்த்த, திட்டுத்திட்டாக இருந்த வண்ணம் சமமாகப் பரவிக் கண்ணாடிபோல் பளபளக்கிறது. அழுத்தம் குறைந்தால் அரக்கு இளகாது. மிகுந்தால் அது வழிந்து மரம் வெளிப்பட்டுவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவு விரல் நுனிக்கு மட்டுமே தெரிந்த ஒன்று.

இதே முறை தென்னாடு முழுவதும் வழங்குகிறது. கருநாடகத்தின் சென்னப்பட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் வெட்பாலை மரத்தையும், திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரத்தில் மஞ்சள் கடம்பையும் கைவினைஞர் தேர்ந்துகொண்டனர். வெளிறிய நிறமும் நெருங்கிய இழையும் உடைய அம்மரங்கள் உளிக்குப் பிசிறின்றி இணங்குவதே அத்தேர்வின் காரணம். ஈழத் தமிழ்க் குடியில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், கண்டி நாட்டின் அரக்கு வேலையையும் விரிவாக ஆராய்ந்து, கடைசலில் சுழலும் மரத்தின்மேல் ஏற்றும் முறையையும், நகத்தால் அரக்கிழையை ஒட்டும் மாத்தளை முறையையும் வேறுபடுத்திக் காட்டினார். கைவினைஞரின் கையில் உள்ள அறிவை ஏட்டில் உள்ள அறிவுக்கு நிகராக மதித்தெழுதிய அந்நூல், இத்தொழில்களை ஆராய்வோர்க்கு இன்றும் முன்மாதிரியாக நிற்கிறது.

இயந்திரமும் மின்சாரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடைசல் என்ற சொல்லின் பொருளே புனேயில் மாறத் தொடங்கியது. பொதுப்பணிகளுக்கு ஆட்களைப் பயிற்றுவிப்பதற்காக 1854-இல் அங்கே தொடங்கிய பொறியியல் வகுப்பும் இயந்திரப் பள்ளியும் பின்னர்ப் புகழ்பெற்ற பொறியியல் கல்லூரியாக வளர்ந்தன. 1869-இல் புனேயின் கடகியில் வெடிமருந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இரும்பைக் கடையும் லேத்துகள் இத்தகைய பட்டறைகளின் உயிர்நாடி. கயிற்றால் முன்னும் பின்னும் ஆடிய பொறி, மிதியாலும் சக்கரத்தாலும் பின்னர் நீராவியாலும் ஒரே திசையில் இடைவிடாது சுழலும் பொறியாயிற்று. பெல்காமில் சைக்கிள் கடையில் தொடங்கி இரும்புக் கலப்பை செய்த இலக்ஷ்மண்ராவ் கிர்லோஸ்கர் 1910-இல் கிர்லோஸ்கர்வாடியை நிறுவ, அக்குழுமம் 1941-இல் ஹரிஹரில் லேத்துகளையே உற்பத்தி செய்யும் ஆலையைத் தொடங்கி, 1946-இல் புனேயின் கடகியில் எண்ணெய் எந்திர ஆலையையும் அமைத்தது. ஏனைய எந்திரங்களின் உறுப்புகளை ஆக்கும் எந்திரம் என்பதால் லேத்தை எந்திரங்களின் தாய் என்று கூறுவது வழக்கம். அத்தாயின் முன்னோர் மத்தும் கடைகயிறும் என்பதை மறத்தலாகாது.

விளக்கின் வரலாற்றை மாற்றிய நிகழ்ச்சியும் இதே வட்டாரத்தில் நடந்தது. தாட்டா குழுமம் லோணாவளாவிலும் வல்வணிலும் மழைநீரைத் தேக்கி, மலையின் கீழே கோபோலியில் அமைத்த நிலையத்திலிருந்து 1915-இல் நீர்மின்சாரத்தை மும்பைக்கு அனுப்பத் தொடங்கியது. கார்லாவின் மரக்குடை நிற்கும் மலைக்கு மிக அண்மையில் அந்நீர்த்தேக்கங்கள் உள்ளன. சுடரில்லாத விளக்கு இவ்வாறு இம்மலைகளின் மழையிலிருந்தே பிறந்தபோதிலும், மரத்தின் அச்சம் உடனே நீங்கவில்லை. இழை கனன்று ஒளிரும் பழைய குண்டு பல்பு, தான் பெற்ற மின்னாற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியிட்டதால், அருகில் நிற்கும் மெல்லிய மரம் வறண்டு, நிறம் கருகி, வெடிக்கும் நிலை இருந்தது. ஆகவே பல்புக்கும் சுவருக்கும் இடையே அகன்ற இடைவெளி விட வேண்டியிருந்தது. எல்இடி விளக்குகள் பரவிய பின்னரே இத்தடை அகன்றது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் மட்டும் இந்தியாவில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் வழங்கப்பட்டன. கையால் தொடத்தக்க வெப்பமே உடைய ஒளி வீட்டுக்கு வீடு வந்தடைந்தபோது, மரம் விளக்கை அச்சமின்றி அணைத்துக்கொண்டது.

மெலிதலின் நுட்பம்

மெல்லக் கடைவதை ஒரு தனிக் கலையாகப் போற்றும் வழக்கம் ஐரோப்பிய அரசவைகளிலும் இருந்தது. இரசியாவின் மகா பீட்டர் கடைசலில் தாமே தேர்ச்சி பெற்றிருந்தார். சார்ல் ப்ளுமியே என்ற பிரெஞ்சுத் துறவி 1701-இல் வெளியிட்ட கடைசற்கலை நூல் இத்தொழிலை விரிவாக விளக்கிய முதல் அச்சு நூலாகக் கருதப்படுகிறது. அவர் தாவரவியலாரும் ஆவார். மராத்தியக் கோயில் முற்றங்களில் சாஃபா என்றும் தமிழில் ஈழத்தலரி என்றும் வழங்கும் பூமரத்தின் அறிவியல் பெயரான ப்ளுமேரியா அவர் நினைவாக இடப்பட்டது. அண்மைக்காலத்தில் ஹவாயைச் சேர்ந்த ரான் கென்ட், நம் பூங்காக்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று அழைக்கப்படும் நார்ஃபோக் தீவுப் பைன் மரத்தை மெலியக் கடைந்து, எண்ணெயில் ஊறவைத்துத் தேய்ப்பதை மீண்டும் மீண்டும் செய்து, ஒளி ஊடுருவும் கிண்ணங்களைப் படைத்துப் புகழ்பெற்றார்.

விளக்குக்குடையைக் கடைவதற்கு, வெட்டி உலராத பச்சை மரமே ஏற்றது. ஈரம் ஊறிய இழை உளிக்கு எளிதில் இணங்கி, நாடாப் போன்ற நீண்ட சுருள்களாகச் சீவுண்டு விழும். தண்டின் நீளவாக்கிலேயே குடையின் அச்சு அமையுமாறு துண்டைப் பொருத்தி, முதலில் புறவடிவத்தை முற்றுவித்து, அதன் பிறகே உட்புறத்தைக் குடைவர். எளிதில் விரியும் நடுத்தண்டின் மென்பகுதி, பல்பைத் தாங்கும் பிடிக்காக உச்சியில் இடப்படும் துளையோடு நீங்கிவிடும். உட்குடைவை விளிம்பில் தொடங்கி, இரண்டு மூன்று விரற்கடை ஆழத்துக்கு இறுதிக் கனம்வரை முடித்துவிட்டே அடுத்த ஆழத்துக்கு இறங்க வேண்டும். ஒருமுறை மெலிந்த சுவர் உளி பட்டதும் அதிரும். அங்கே மீண்டும் திரும்பிச் சீவ முயன்றால், ஒரு நொடியில் குடை முழுவதும் சில்லுகளாகச் சிதறும்.

கனத்தை அறிவதற்கு அளவுகோலைவிட ஒளியே சிறந்த துணை. சுவரின் மறுபுறம் ஒரு சிறு விளக்கை வைத்துக் கடையும்போது, முதலில் இருளாயிருந்த மரம், மெலிய மெலியச் செம்பழுப்பாகி, பின்னர் ஆரஞ்சாகி, இறுதியில் தேன் நிறமாக ஒளிர்கிறது. சுற்று முழுவதும் ஒரே நிறம் தோன்றினால் கனமும் ஒன்றே என்பது உறுதி. ஒலியும் துணை செய்கிறது: தடித்த சுவரில் கனத்து ஒலிக்கும் உளி, மெலிந்த சுவரில் மெல்லிய உயர்ந்த ஒலியாக மாறுகிறது. ஒரு கை உளியைத் தாங்க, மற்றொரு கையின் விரல்கள் வெளிப்புறத்தில் சுவரை மெத்தென அணைத்து அதிர்வை அடக்குகின்றன. கண், செவி, விரல் ஆகிய மூன்றும் ஒரே செய்தியைக் கூறும்போது மட்டுமே உளி முன்னேறும். பாலி நூல் உவமித்த அந்த விழிப்பு இங்கே உயிர்ப்பிலும் அழிவிலும் முடியும் செயலாகிறது.

பச்சை மரம் உலரும்போது சுருங்குவது இயற்கை. ஆண்டு வளையங்களின் போக்கில் நிகழும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் நிகழும் சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. கனத்த சுவர் இவ்வேறுபாட்டைத் தாங்கமாட்டாமல் வெடிக்கும்; மெல்லிய சுவரோ சற்றே நெளிந்து, அவ்விசையைத் தனக்குள் ஏற்றுக்கொள்ளும். எனவே மெலிவு அழகுக்காக ஏற்ற ஆபத்து மட்டுமாகாமல், மரத்தைக் காக்கும் வழியாகவும் அமைகிறது. உலர்ந்த பின் பூசப்படும் எண்ணெய்க்கும் ஒரு காரணம் உண்டு: உலர்ந்த மரத்தின் நுண்குழாய்களில் நிறைந்த காற்று ஒளியைச் சிதறடிக்கிறது, ஒளியை வளைக்கும் தன்மையில் மரநாரை நெருங்கிய எண்ணெய் அக்குழாய்களை நிரப்பியதும் சிதறல் குறைந்து, எண்ணெய் பட்ட காகிதம்போல் மரம் ஒளிபுகும் நிலையை அடைகிறது. அவ்வொளியில், ஒரு மரம் பருவந்தோறும் வளர்ந்த வரலாறு வளையம் வளையமாகவும், கிளை விட்ட இடம் கருங்கண்ணாகவும் வெளிப்படும்.

இன்று லேத்தை மின்மோட்டார் சுழற்றுகிறது. கயிறு இழுத்த உதவியாளின் இடம் மறைந்துவிட்டது. எனினும் அரக்குக் குச்சியின்மேல் எவ்வளவு அழுத்துவது, சுவரை எப்போது நிறுத்துவது என்பவை மோட்டார் அறியாதவை. சாவந்த்வாடியின் மரப்பழத்திலும், துளசிபாக்கின் பாத்துக்கலியிலும், அம்பாசமுத்திரத்தின் சொப்பிலும் மெலிவின் அளவை விரல்களில் காத்துவந்த கைவினைஞர் இல்லாதிருந்தால், எல்இடியின் குளிர்ந்த ஒளி வந்தபோது அதைச் சூழ்வதற்கு மெல்லிய மரமும் இருந்திராது. விளையாட்டுப் பொருள் என்றும் அடுக்களைச் சாமான் என்றும் குறைத்து மதிக்கப்பட்டவையே இவ்வறிவைக் காத்த பெட்டகங்கள் ஆதலால், அவற்றைக் கடைவோர்க்கு உரிய கூலியும் பெயரும் கிடைக்கச் செய்வது இக்கலையின் எதிர்காலத்துக்கு இன்றியமையாதது. கார்லாவில் தச்சர் சாமியின் பெயரைக் கல்லில் பொறித்தவர்கள் அம்மதிப்பை அன்றே அளித்தனர். அவர் கட்டிய வாயிலின் உள்ளே, தூபியின் உச்சியில், அந்தப் பழைய மரக்குடை இன்னும் விரிந்தே நிற்கிறது.